எட்டு எம்.எம்.மா, பத்து எம்.எம்.மா?

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் புதுக்கோட்டைப் பக்கம். சிங்கப்பூரில் சாலையோர மரங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் மரம் ஏறும் வேலை. இதுவரை 13 எம்.எம். 16 புரிக் கயிற்றில் ஏறினேன். ஏறு கயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் ஹிட்ச் போட 10 எம்.எம். கயிறு, முடிச்சு வி.டி., அதாவது மேலே சுற்றும் கீழே பின்னலுமாகப் போடுவது. ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. போன மாதம் கம்பெனியில் 11.7 எம்.எம். 24 புரிக் கயிறு புதிதாகக் கொடுத்தார்கள். ஹிட்ச் கயிறும் முடிச்சும் பழையதுதான். இப்போது உட்கார்ந்தால் சில நேரம் ஹிட்ச் உடனே பிடிப்பதில்லை. ஒரு முழம் வழுக்கிப் போய்தான் நிற்கிறது. மழை விட்டபிறகு ஏறினால் இன்னும் மோசம். ஒரு சுற்று கூட்டிப் பார்த்தேன். பிடிக்கிறது, ஆனால் பிறகு விடமாட்டேன் என்கிறது. என்னோடு வேலை செய்யும் அண்ணன் 8 எம்.எம். போடுகிறார், நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். அவர் 95 கிலோ, நான் 58. எனக்கும் அது சரிவருமா? கடையில் 8 எம்.எம். நைலான் கயிறு மலிவாகக் கிடைக்கிறது. மலையேறுகிறவர்களுக்கானது என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? என் ஹிட்ச் கயிற்றில் ஓரிடம் கண்ணாடி மாதிரி பளபளவென்று கெட்டியாகியிருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? அடுத்து, ஒற்றைக் கயிற்றில் ஏறப் பழகச் சொல்கிறார் சூப்பர்வைசர். அதற்கும் இதே ஹிட்ச் கயிறு போதுமா?

பதில்: தம்பி, மற்றதெல்லாம் பிறகு. அந்தப் பளபளப்பு விழுந்த கயிற்றை இன்றே ஹார்னஸிலிருந்து கழற்றிவிடுங்கள். ஓரமாக வைத்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள். துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். ஒரு முழம் வழுக்கி நிற்கிற ஹிட்ச், நாளைக்கு ஒரு ஆள் உயரம் வழுக்கும். 'சில நேரம்' என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை. எப்போதும் வழுக்குகிற முடிச்சை யாரும் நம்பி ஏறமாட்டார்கள். பெரும்பாலும் பிடித்து, என்றைக்கோ ஒருநாள் கைவிடுகிற முடிச்சில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

ஹிட்ச் பிடிப்பதும் விடுவதும் ஹிட்ச் கயிற்றின் தடிமனை மட்டும் பொறுத்தது அல்ல. ஏறு கயிறு, ஹிட்ச் கயிறு, முடிச்சின்மேல் விழும் எடை மூன்றும் சேர்ந்த கணக்கு அது. உங்கள் கம்பெனி முதலாவதை மாற்றியது. மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. கணக்கு உடைந்துவிட்டது.

தடிமனை முதலில் பார்ப்போம். 13-க்கு 10 என்றால் ஏறு கயிற்றில் 77 சதவீதம். 11.7-க்கு அதே 10 என்றால் 85. மரமேறிகள் பொதுவாக ஏறு கயிற்றின் தடிமனில் 60 முதல் 80 சதவீதம் வரைக்குள் ஹிட்ச் கயிறு எடுப்பார்கள். எந்தச் சட்டமும் இப்படிச் சொல்லவில்லை. பழக்கத்தில் வந்த அளவு. ஆனால் காரணமில்லாமல் வரவில்லை. உங்கள் எடை விழுந்தவுடன் ஹிட்ச்சின் சுற்றுகள் இறுகி ஏறு கயிற்றை நெரிக்க வேண்டும். மெல்லிய கயிறு சுலபமாக வளைந்து, ஒட்டிப் படுத்து, உறைக்குள் கொஞ்சம் பதிந்து நெரிக்கும். தடித்த கயிறு சுலபத்தில் வளையாது. சுற்றுகள் வளையல் போலத் தளர்ந்து நிற்கும். அவை மூடுவதற்கே ஒரு எடை வேண்டும். அந்த எடை வந்து சேர்வதற்குள் முடிச்சு கீழே ஓடிவிடுகிறது. நீங்கள் சொல்லும் ஒரு முழம் அதுதான்.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு கயிற்றைச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். இரண்டு கயிற்றின் தடிமனையும் கூட்டி 3.14-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட அந்த நீளம் வரும். 13-ம் 10-ம் சேர்ந்தால் ஒரு சுற்றுக்கு 72 மி.மீ. 11.7-ம் 10-ம் என்றால் 68. சுற்றுக்கு 4 மி.மீ. மிச்சம். வி.டி.யின் சுற்றும் பின்னலும் சேர்த்து ஆறு என்று வைத்தாலும் இரண்டரை செ.மீ. கயிறு உபரியாக வந்து முடிச்சின் இரண்டு கால்களிலும் தொங்குகிறது. கால்கள் நீண்டால் முடிச்சு உங்களிடமிருந்து விலகி மேலே போகிறது. உட்காரும்போது அது நிமிர்ந்து இறுக அதிக தூரம் பிடிக்கிறது. ஆக, தடிமன் ஒரு பக்கம், நீளம் ஒரு பக்கம் என்று இரண்டும் ஒரே சமயத்தில் பிசகிவிட்டன. முடிச்சைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று உங்களை நீங்களே சந்தேகப்பட்டிருப்பீர்கள். முடிச்சில் தப்பில்லை.

புரிக் கணக்கும் இதில் உண்டு. 16 புரிக் கயிற்றில் ஒவ்வொரு புரியும் தடிமனாக இருக்கும். மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக, கைக்கே சொரசொரப்பாகத் தெரியும். எடையைப் பெரும்பாலும் உறையே தாங்கும். உள்ளே இருப்பது முக்கியமாகக் கயிற்றை உருண்டையாக வைத்திருப்பதற்கு. 24 புரியில் இழைகள் நுண்மையாகிப் பரப்பு வழவழப்பாகிவிடுகிறது. கப்பிக்கும் வளையத்துக்கும் அது நல்லது. ஹிட்ச்சுக்கோ பற்றிக்கொள்ள மேடு குறைவு. அதோடு உங்கள் கயிறு புத்தம் புதியது. ஆலையில் இழைக்குப் பூசிய எண்ணெய்ப்பசை இன்னும் போயிருக்காது. சில வாரம் உழைத்தபின் உறை லேசாகப் பஞ்சுவிட்டு, கொஞ்சம் தடித்து, தானே பிடிக்க ஆரம்பிக்கும். அதனால் முதல் வாரத்தில் சரியாக அமைத்த முடிச்சைச் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். அப்போது அது இறுக்கமாகியிருக்கும். புதுக் கயிற்றைச் சோப்புப் போட்டுத் துவைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தயாரிப்பாளர் தந்த தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள்.

இனி எடை. உங்கள் அண்ணன் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவருடைய சாட்சி உங்களுக்குப் பாதிதான் செல்லும். இரட்டைக் கயிற்றில், அதாவது கயிறு கிளைமேல் போய் வருகிற முறையில், உங்கள் எடை இரண்டு பக்கமும் பிரிகிறது. ஹிட்ச் இருக்கும் பக்கத்தில் சுமார் பாதிதான். நீங்களும் ஹார்னஸும் ரம்பமும் சேர்ந்து 66 கிலோ என்றால் ஹிட்ச்சுக்குக் கிடைப்பது 33. அவருக்கு 50-க்கு மேல். இறங்கும்போது கயிறு நேரடியாகக் கிளையின் பட்டையில் உரசி ஓடினால், அந்த உரசலே ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஹிட்ச்சுக்கு இன்னும் குறையும். கிளையில் வளையம் வைத்த பட்டை கட்டி அதன் வழியாகக் கயிற்றை விட்டால் பாதிக்குப் பக்கத்தில் வரும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தூங்குமூஞ்சி மரத்தில் ஒருநாள் கிளைமேலேயே போட்டு ஏறுவீர்கள், மறுநாள் வளையத்தில் ஏறுவீர்கள். அதே முடிச்சு அன்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி நடந்துகொள்ளும். உங்கள் 'சில நேரம்' இதிலிருந்தும் வந்திருக்கலாம். எங்கே போட்டு ஏறினீர்கள் என்பதை அடுத்த தடவை கவனியுங்கள்.

ஆக, மெலிந்த ஆளுக்கு மெலிந்த, மென்மையான ஹிட்ச் கயிறு ஒத்துவரும். 95 கிலோ ஆளுக்கு 8 மி.மீ. இறுகிப்போகிற ஆபத்து உண்டு. அவர் அதைச் சுற்று குறைத்துச் சமாளிக்கிறார் என்பது என் ஊகம். அவர் முடிச்சில் எத்தனை சுற்று, எத்தனை பின்னல் என்று எண்ணிப் பாருங்கள். உங்களுடையதைவிடக் குறைவாக இருந்தால் அவருடைய முடிச்சை அப்படியே பார்த்துப் போடாதீர்கள்.

ஒரு சுற்று கூட்டியதும் ஒரேயடியாக இறுகியது ஏன் என்று குழம்பியிருக்கிறீர்கள். கயிற்றுச் சுற்றின் பிடி கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறும். ஒரு கம்பத்தில் சுற்றிய கயிற்றுக்கான கணக்கை எடுத்துக்கொண்டால், உராய்வுக் கெழு 0.2 என்ற நிலையில் ஒரு முழுச் சுற்று இழுவையை 3.5 மடங்கு தாங்கும். இரண்டு சுற்று 12 மடங்கு. ஹிட்ச் என்பது கம்பத்தில் சுற்றிய கயிறு அல்ல, அதன் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனால் போக்கு இதேதான். ஒரு சுற்று என்பது பெரிய தாவல். வி.டி.யில் நடுவாந்தரமாகச் சரிசெய்ய வேண்டுமானால் சுற்றைத் தொடுவதற்கு முன் கீழே இருக்கும் பின்னலைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பின்னலின் விளைவு மெதுவானது. அந்தக் கெட்டிப்பட்ட இடமும் சேர்ந்து சதி செய்திருக்கும். உருகி உறைந்த பரப்பு, லேசான எடையில் வழுக்கும். அழுத்தம் கூடினால் ஒட்டிக்கொள்ளும். வழுக்கலும் இறுகலும் ஒரே கயிற்றில் மாறி மாறி வந்தால் முதல் சந்தேகம் பளபளப்பின்மேல்தான் விழ வேண்டும்.

அந்தப் பளபளப்பு சூட்டின் தழும்பு. 66 கிலோ 20 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 13,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை மூன்று டிகிரி சூடாக்கும் அளவு. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஹிட்ச்சில் அந்தச் சூட்டை வாங்குவது ஒரு லிட்டர் தண்ணீர் இல்லை. உரசுகிற மேற்பரப்பின் மெல்லிய படலம். மெதுவாக இறங்கினால் ஓடுகிற கயிறு சூட்டை வாங்கிக்கொண்டு போகும், காற்றும் ஆற்றும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரே மூச்சில் கீழே இறங்கினால் படலம் உருகும். நைலானில் ஒரு வகை 220 டிகிரி செல்சியஸ் வாக்கிலும், பாலியெஸ்டர் 255 வாக்கிலும் உருகும். டைனீமா என்று பெயர் போட்டு வருகிறதே, வெள்ளையாக, எடையே இல்லாமல், பலம் மட்டும் பிரமாதமாக எழுதியிருக்கும் இழை, அது 150-க்குள்ளேயே உருகிவிடும். லேபிளில் இருக்கும் கிலோநியூட்டனைப் பார்த்து மயங்கி, உறையும் டைனீமாவாக இருக்கிற கயிற்றை ஹிட்ச்சுக்கு வாங்கிவிடாதீர்கள். கப்பல் பாய்க்கு அது அருமையான சரக்கு. உரசி இறங்குகிற முடிச்சுக்கு இல்லை.

ஹிட்ச்சுக்கென்றே விற்கும் கயிறுகளில் உறையில் அராமிட் இழை கலந்திருப்பது இதனால்தான். டெக்னோரா, கெவ்லார் என்ற பெயர்களில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அராமிட் உருகுவதே இல்லை. 500 டிகிரி வாக்கில் கருகத் தொடங்கும். முழுக்க அராமிட் உறையைவிட, பாலியெஸ்டரோடு கலந்து பின்னியது எனக்குப் பிடிக்கும். முழு அராமிட் முரட்டுத்தனமாகக் கடிக்கிறது, ஏறு கயிற்றின் உறையைத் தேய்க்கிறது. தான் உருகாவிட்டால் சூடு எங்கே போகும்? ஏறு கயிற்றுக்குத்தான் போகும். ஹிட்ச் கயிறு மலிவு, ஏறு கயிறு விலை கூடுதல். எது முதலில் தேய வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம். அராமிட்டுக்கு இன்னும் இரண்டு பலவீனம் உண்டு. வெயில் அதற்கு ஆகாது. புற ஊதாக் கதிரில் பலம் இழக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தாலும் இழை முறியும். சிங்கப்பூர் வெயிலில் லாரியின் மேலே போட்டு வைக்காமல் வேலை முடிந்ததும் பைக்குள் வையுங்கள். அவ்வப்போது முடிச்சை முழுதாக அவிழ்த்து, மேல் கண்ணியைக் கீழாக்கிப் போட்டால் மடிப்பு ஒரே இடத்தில் விழாது. அவிழ்க்கும்போது கயிறு முழுவதையும் விரலால் தடவிப் பார்க்கவும் ஒரு சாக்கு கிடைக்கிறது.

கடையில் பார்த்த மலிவு நைலான் கயிறு பற்றி. மலையேறுகிறவர்களின் துணைக் கயிற்றுக்கு ஐரோப்பியத் தரநிலை இ.என். 564. அது 4 முதல் 8 மி.மீ. வரையான கயிறுகளுக்கு. அதில் பலத்தின் கணக்கு எளிது: மில்லிமீட்டர் தடிமனை வர்க்கமாக்கி 0.2-ஆல் பெருக்கினால் குறைந்தபட்ச கிலோநியூட்டன் வரும். 8 மி.மீ.க்கு 12.8; 6 மி.மீ.க்கு 7.2. நீங்கள் அதை வாங்கி இரண்டு முனையிலும் முடிச்சிட்டுக் கண்ணி செய்தால் முடிச்சிலேயே மூன்றில் ஒரு பங்கு பலம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் எட்டரை. ஹிட்ச்சில் இரண்டு காலும் சேர்ந்து தாங்குவதால் இரட்டித்தால் 17. அமெரிக்க மரத்தொழில் தரநிலையான ஆன்சி இசட்133, ஏறு கயிற்றுக்கு 5,400 பவுண்டு, அதாவது 24 கிலோநியூட்டன் பலம் கேட்கிறது. ஹிட்ச் போடும் கண்ணிக் கயிறும் அதே பலத்தை எட்ட வேண்டும் என்கிறது. 17 எங்கே, 24 எங்கே. எட்டுக்கு எட்டு தடிமன் ஒன்றுதான், ஆனால் சரக்கு ஒன்றல்ல. மலையில் இந்தக் கயிற்றால் போடும் ப்ரூசிக் முடிச்சு பெரும்பாலும் அவசரத்துக்கும் காவலுக்கும். அதில் மணிக்கணக்காக உட்கார்ந்து ரம்பம் பிடிப்பவர் இல்லை, அதில் உரசி ஒரு நாளைக்குப் பத்து தடவை இறங்குபவரும் இல்லை. அந்தக் கயிற்றைப் பையைத் தொங்கவிடவும் கருவி கட்டவும் வாங்குங்கள்.

ப்ரூசிக்கைப் பற்றிச் சொன்னதால் ஒரு கிளைக்கதை. ஆஸ்திரியாவின் மலையேறி கார்ல் ப்ரூசிக் 1931-இல் அந்த முடிச்சை வெளியிட்டார். இன்று நாம் போடும் ஹிட்ச்சுகளில் பல அதன் வழி வந்தவை. மரக்காரர்களோ வெகுகாலம் ஏறு கயிற்றின் வால் நுனியையே சுற்றி முடிச்சிட்டார்கள். இன்றும் பயிற்சியில் முதலில் கற்றுக்கொடுக்கப்படும் ப்ளேக்ஸ் ஹிட்ச் அப்படித்தான். ஜேசன் ப்ளேக் என்ற அமெரிக்க மரமேறி 1994-இல் அதைத் தொழில்காரர்களுக்கு அறிமுகம் செய்தார். ஹைன்ஸ் ப்ரொஹாஸ்கா என்ற ஆஸ்திரியர் அதற்கு முன்பே அதை விவரித்திருந்தார் என்று பிறகு தெரியவந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ஏறு கயிற்றின் வாலே ஹிட்ச் கயிறு என்பதால் 13-க்கு 13, அதாவது நூறு சதவீதம். அறுபது எண்பது என்று நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் இந்த முடிச்சிடம் செல்லாது. ப்ளேக்ஸ் தன் வாலைச் சுற்றுகளுக்கு அடியில் செருகிப் பூட்டிக்கொள்கிறது. அதனால் தடித்த கயிற்றிலும் பிடிக்கிறது. வேகமாக இறங்கினால் ஒரே இடத்தில் சுட்டுக்கொள்வதும் அதுதான். உங்கள் ஹிட்ச் கயிறு கை தவறிக் கீழே விழுந்துவிட்டால், இறங்கி வர அந்த முடிச்சு கைவசம் இருக்கட்டும்.

இனி எதை வாங்குவது? உங்கள் எடைக்கும் 11.7 கயிற்றுக்கும் நான் 8 மி.மீ.யில் தொடங்குவேன். விகிதம் 68 சதவீதம். அராமிட்டும் பாலியெஸ்டரும் கலந்த உறை, இரு முனையிலும் ஆலையிலேயே தைத்த கண்ணி, லேபிளில் பலமும் தயாரித்த தேதியும் இருக்க வேண்டும். தைத்த கண்ணி வாங்கச் சொல்வதற்குக் காரணம், கையால் போட்ட முடிச்சு பலத்தை மட்டுமல்ல, கணக்கில்லாமல் நீளத்தையும் தின்கிறது. 8 மி.மீ.க்கு ஒரு சுற்று 62 மி.மீ. சாப்பிடும், உங்கள் பழைய ஜோடியைவிடச் சுற்றுக்கு ஒரு செ.மீ. குறைவு. அதனால் பழைய நீளத்திலேயே வாங்கினால் ஆறு சுற்றுக்கு ஆறு செ.மீ. தொங்கும். கண்ணிக்குக் கண்ணி 70 முதல் 80 செ.மீ. வரை கடைகளில் கிடைக்கும். ஹிட்ச்சுக்குக் கீழே கப்பி வைத்து ஏறுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் 70 பக்கம் போங்கள். கப்பி முடிச்சைக் கீழிருந்து தள்ள வேண்டும், நீளமாக இருந்தால் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஏறிய உயரத்தில் கொஞ்சம் திரும்பப் போகும்.

கை விரல்கள் தடித்தவர்களுக்கு 8 மி.மீ. முடிச்சைப் பிடித்து இறங்குவது அலுப்பாக இருக்கும், மாலைக்குள் விரல் வலிக்கும். அப்படியானால் 9 மி.மீ.; விகிதம் 77, நீங்கள் 13-இல் அனுபவித்த அதே அளவு. ஆனால் கடையில் நின்று கயிற்றை மடித்துப் பாருங்கள். மடிக்கும் இடத்தில் கண்ணி எவ்வளவு சிறிதாக வருகிறதோ அவ்வளவு நல்லது. ஒரு நிறுவனத்தின் 9, இன்னொரு நிறுவனத்தின் 8-ஐவிட மென்மையாக இருப்பதுண்டு. அப்போது எண்ணை விட்டுவிட்டு விரலைக் கேளுங்கள்.

முதல் முடிச்சு: மேலே நான்கு சுற்று, கீழே மூன்று பின்னல். இதைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் சோதியுங்கள், அதற்கு மேலே வேண்டாம். தாழ்ந்த கிளையில் கயிற்றைப் போட்டு, காலைத் தரையில் ஊன்றியபடியே உட்காருங்கள். மெதுவாக உட்கார்ந்து பிடிக்கிறதா என்பது சோதனையே அல்ல. மெதுவாக உட்கார்ந்தால் எல்லா முடிச்சும் பிடிக்கும். முடிச்சைக் கையால் தளர்த்திவிட்டு, கையை எடுத்துவிட்டு, சட்டென்று உட்காருங்கள். எழுந்து திரும்பவும் செய்யுங்கள். வேலையில் மாட்டிக்கொள்ளும் அதே ரம்பத்தோடு ஒரு முறை, அது இல்லாமல் ஒரு முறை. பிறகு முடிச்சுக்கு மேலும் கீழும் இரண்டு மீட்டருக்கு ஏறு கயிற்றை நனையுங்கள், ஹிட்ச்சையும் நனையுங்கள், மறுபடி செய்யுங்கள். சிங்கப்பூர் மழைக்கு இதைத் தவிர்க்கவே முடியாது. நைலான் தண்ணீரைக் குடித்து உப்பும், பலமும் சற்றுக் குறையும். பாலியெஸ்டர் அவ்வளவாகக் குடிக்காது. உறை இரண்டும் பாலியெஸ்டராக இருந்தாலும் நனைந்த புதுக் கயிறு முதல் சில நிமிடம் வழுக்கும். அதிலும் பிடிக்கிற முடிச்சே உங்கள் முடிச்சு. காய்ந்த நாளில் அது ஒரு துளி இறுக்கமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வழுக்கலைப் பொறுக்கக் கூடாது.

வழுக்கினால் ஒரு பின்னலைக் கூட்டுங்கள். அப்போதும் வழுக்கினால்தான் ஒரு சுற்று. இறுகினால் முதலில் பின்னலைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கயிறு, நீளம், சுற்று மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தேடுவது வீண். சரியாக அமைந்ததும் முடிச்சை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கயிறு போட்டாலும் மாறாத ஆபத்து ஒன்று கையில் இருக்கிறது. வழுக்கும்போது பயந்துபோய் ஆள் முடிச்சையே இறுகப் பிடித்துக்கொள்வார். மேலிருந்து அழுத்துகிற கை முடிச்சை இறுகவிடாது. பிடித்திருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். கையை எடுத்தால் நின்றிருக்கும். மனசு கேட்காது, அதனால் இடுப்பு உயரச் சோதனையிலேயே கையை எடுத்துப் பழகுங்கள். கயிற்றின் நுனியில் தடுப்பு முடிச்சு இல்லாமல் எவ்வளவு நல்ல ஹிட்ச்சும் கடைசியில் நுனியைத் தாண்டி ஓடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். புது ஹிட்ச்சோடு மேலே போகும் முதல் நாட்களில் இடுப்பு லேன்யார்டு கிளையைச் சுற்றியே இருக்கட்டும். ரம்பம் ஓடும்போது அது எந்த நாளும் இருக்க வேண்டியது.

சிங்கப்பூரில் 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்குப் பெர்மிட் வேண்டும் என்று விதி இருக்கிறது. பெர்மிட் எழுதும் நாளில் புதுக் கயிற்றின் தாளையும் ஹிட்ச் கயிற்றின் தாளையும் சேர்த்துக் காட்டி, இரண்டும் ஒத்துப்போகும் என்று கம்பெனியின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். ஏறு கயிறு மாற்றும்போது ஹிட்ச் கயிற்றையும் சேர்த்து வாங்கித் தருவது கம்பெனியின் வேலை. உங்கள் கைக்காசைப் போட்டு மலிவுக் கயிறு தேடும் நிலைமையே வந்திருக்கக் கூடாது. நாள்தோறும் ஏறுபவர்கள் ஹிட்ச் கயிற்றைச் சில மாதங்களிலேயே மாற்றுகிறார்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். உறை கெட்டிப்பட்டாலும், ஓரிடம் மெலிந்தாலும், உள்ளிருக்கும் இழை எட்டிப் பார்த்தாலும் மாதத்தை எண்ண வேண்டாம், அன்றே மாற்ற வேண்டியதுதான்.

ஒற்றைக் கயிறு பற்றிக் கடைசியாகக் கேட்டீர்கள். அங்கே கயிறு ஓடாது, நீங்கள் மட்டும் அதில் ஏறி இறங்குவீர்கள். எடை பாதியாகப் பிரியாது. முழு 66 கிலோவும் ஹிட்ச் மேலேயே விழும். இரட்டைக் கயிற்றில் அழகாக விட்டுக்கொடுத்த முடிச்சு இங்கே கல்லாக இறுகும். வலுக்கட்டாயமாக இறக்கினால் சுடும். அதற்காகத்தான் கெவின் பிங்காம் ரோப் ரெஞ்ச் என்ற கருவியை உருவாக்கினார். வேல்ஸில் இருக்கும் ஐ.எஸ்.சி. நிறுவனம் தயாரிக்கிறது. ஹிட்ச்சுக்கு மேலே உட்கார்ந்து கயிற்றைக் கொஞ்சம் வளைத்து, உராய்வின் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். அது இல்லாமல் வெறும் ஹிட்ச்சில் ஒற்றைக் கயிற்றில் இறங்கிப் பழகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ரெஞ்ச் கிடைத்தால் 8 மி.மீ. கயிறே போதும், ஆனால் சுற்றும் பின்னலும் முதலிலிருந்து, இடுப்பு உயரத்திலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போது கப்பி வைத்திருக்கிறீர்களா, கயிற்றைக் கிளையில் போடுகிறீர்களா வளையத்தில் போடுகிறீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எண்களைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.